வீட்டு நீச்சல் குளத்துக்கு உப்பு முறையா, குளோரின் முறையா?

உப்பு நீர்க் குளம் வைத்துவிட்டால் குளோரினே தேவையில்லை என்ற எண்ணத்தோடுதான் பலர் அந்த முறையைத் தேடிப் போகிறார்கள். இதை முதலிலேயே தெளிவாக்கிவிடுவது நல்லது. உப்பு முறையிலும் கிருமிகளைக் கொல்வது குளோரின்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பிலிருந்து ஒரு மின்கருவி குழாய்க்குள்ளேயே குளோரினைத் தயாரித்துக் குளத்துக்கு அனுப்புகிறது. குளோரின் முறை என்று வழக்கமாகச் சொல்வதில், அதே குளோரினை நீங்கள் கேனிலோ டப்பாவிலோ வாங்கி வந்து கையால் போடுகிறீர்கள்.

அதனால் உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி இதுதான்: தினமும் குளோரின் போடும் வேலையை நீங்களே செய்யப்போகிறீர்களா, ஒரு கருவியிடம் ஒப்படைக்கப்போகிறீர்களா? குளத்தின் அளவு, நிரப்பும் தண்ணீர், குளத்தைச் சுற்றியிருக்கும் உலோகமும் கல்லும், நீங்கள் வீட்டில் இருக்கும் நாட்கள் எல்லாம் சேர்ந்துதான் இதற்கு விடை சொல்லும். கருவியை விற்பவரிடம் கேட்பதற்கு முன்னால் இவற்றை நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே சொல்லியிருக்கும் வரிசையில் போனால் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்.

முதலில் குளத்தின் கொள்ளளவு

கொள்ளளவு தெரியாமல் எந்தக் கணக்கும் போட முடியாது. செவ்வகக் குளம் என்றால் நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, வருவதை 1000-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். ஒரு பக்கம் 1 மீட்டர், மறுபக்கம் 1.8 மீட்டர் ஆழம், தரை ஒரே சரிவு என்றால் சராசரி 1.4. வட்டக் குளத்துக்கு ஆரத்தின் வர்க்கத்தை 3.14-ஆல் பெருக்கி, ஆழத்தால் பெருக்க வேண்டும். 9 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் சராசரி ஆழம் உள்ள குளத்தில் ஏறக்குறைய 50,000 லிட்டர் தண்ணீர் இருக்கும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த 50,000 லிட்டரையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் குளம் அதில் பாதி என்றால் கிராம், கிலோ, லிட்டர் அளவுகளையெல்லாம் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

இனி அடிக்கடி வரப்போகும் அளவு பிபிஎம். 1 லிட்டர் தண்ணீரில் 1 மில்லிகிராம் பொருள் இருந்தால் 1 பிபிஎம். ஆகவே 50,000 லிட்டரில் குளோரினை 1 பிபிஎம் உயர்த்த 50 கிராம் குளோரின் வேண்டும்.

வெயில் நன்றாக விழும் குளத்தில் கோடைக்காலத்தில் ஒரு நாளில் 2 முதல் 4 பிபிஎம் வரை குளோரின் செலவாகும். நடுவில் 3 என்று எடுத்துக்கொண்டால் தினம் 150 கிராம். இந்த 150 கிராமை எந்த வழியில் தருவது என்பதில்தான் இரண்டு முறைகளும் பிரிகின்றன.

நிரப்பும் தண்ணீரைப் பரிசோதியுங்கள்

முறையை முடிவு செய்வதற்கு முன்பே ஒரு நல்ல டெஸ்ட் கிட் வாங்கிவிடுங்கள். சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டு நிறம் பார்க்கும் வகை, காகிதப் பட்டையைவிட நம்பகமானது. அது தனிக் குளோரின் (கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் பகுதி), கலந்த குளோரின் (அழுக்கோடு சேர்ந்துவிட்ட பகுதி), பிஎச் (தண்ணீரின் அமில-கார நிலை), காரத்தன்மை (பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கும் தன்மை), கால்சியக் கடினத்தன்மை, குளோரினை வெயிலிலிருந்து காக்கும் சயனூரிக் அமிலம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். மலிவான கிட்களில் மொத்தக் குளோரினை மஞ்சள் நிறத்தில் காட்டுவதோடு வேலை முடிந்துவிடும். அது போதாது.

குளத்தை நிரப்பப்போகும் தண்ணீரில் முதலில் கடினத்தன்மையைப் பாருங்கள். குளத்தில் கால்சியக் கடினத்தன்மை 200 முதல் 400 பிபிஎம் வரை இருந்தால் நல்லது. உங்கள் தண்ணீரே 500, 600 என்று காட்டினால், உப்புக் கருவியின் தகடுகளில் வெள்ளைச் சுண்ணாம்பு விரைவாகப் படியும். கழுவிக்கொண்டே இருக்க வேண்டிவரும். கால்சியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் துகளும் அந்தத் தண்ணீருக்கு ஒத்துவராது, ஏனென்றால் அது இன்னும் கால்சியத்தைச் சேர்க்கும். அப்படிப்பட்ட இடத்தில் திரவக் குளோரின்தான் தொல்லை குறைந்த வழி.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் இரும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். குளோரின் பட்டதும் இரும்பு துருவாகப் பிரிந்து தண்ணீரைப் பழுப்பாக்கும், தரையில் கறை படியும். இது இரண்டு முறைகளுக்கும் பொது. கடைசியாக, தண்ணீரில் ஏற்கெனவே எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

குளத்தைச் சுற்றி என்ன இருக்கிறது

உப்புக் கருவிகள் பெரும்பாலும் 2,700 முதல் 3,400 பிபிஎம் வரை உப்பு கேட்கும். கடல்நீரில் இருப்பது ஏறக்குறைய 35,000 பிபிஎம், ஆகவே குளத்தில் கடலில் பத்தில் ஒரு பங்குதான். நாக்குக்கு லேசாகத் தெரியும், கண்ணை உறுத்தாது. ஆனாலும் அந்த அளவு உப்பு சில பொருட்களுக்குப் போதுமான பகை.

ஏணி, கைப்பிடி, விளக்கின் சட்டம், திருகாணி ஆகியவை துருப்பிடிக்காத எஃகில் இருந்தால் அது 316 தரமா என்று கேளுங்கள். 304 தரத்தில் உப்பு நீர் பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும். குளத்துக்கு ஹீட்டர் இருந்தால் அதன் உட்குழாய் வெறும் செம்பா, செம்பு-நிக்கல் கலவையா, டைட்டானியமா என்று பார்க்க வேண்டும். வெறும் செம்பு என்றால் உப்பு முறையில் அதன் ஆயுள் குறையும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். துத்தநாகம் பூசிய இரும்புச் சுவரால் ஆன, தரைக்கு மேல் நிற்கும் குளங்களில் உப்பு முறை வேண்டாம் என்பதே என் கருத்து. எங்காவது ஒரு சிறு கசிவு இருந்தாலே சுவர் வெளியிலிருந்து அரிக்கத் தொடங்கிவிடும்.

விளிம்புக் கல்லைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மணற்கல், சுண்ணாம்புக்கல் போன்ற மென்மையான கற்களில் உப்பு நீர் தெறித்து, காய்ந்து, கல்லின் நுண்துளைகளுக்குள் உப்பு படிகமாகி, மேற்பரப்பைப் பொடிப்பொடியாக உதிர்த்துவிடும். கிரானைட், செராமிக் ஓடு போன்றவை தாங்கும். மென்மையான கல்லைப் போட்டு முடித்தாகிவிட்டது, உப்பு முறைதான் வேண்டும் என்றால், கல்லுக்கு நீர்புகாப் பூச்சு அடித்து, நீந்தி முடித்ததும் விளிம்பை நல்ல தண்ணீரால் கழுவிவிடும் பழக்கம் வேண்டும். ஃபைபர் கிளாஸ், வினைல் குளங்களுக்கு உப்பால் பெரிய கெடுதல் இல்லை. சிமெண்ட் பூச்சு போட்ட புதுக் குளம் என்றால் பூச்சு நன்றாக இறுகும் வரை, குறைந்தது ஒரு மாதம், உப்பு போடக் கூடாது. அதுவரை கையால்தான் குளோரின்.

எந்தக் குளோரின்

கையால் போடுவது என்று முடிவெடுத்தால் மூன்று வகை கிடைக்கும். இங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திரவக் குளோரின் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட். 10 முதல் 12.5 சதவீத வலுவில் வரும். 10 சதவீதத் திரவம் என்றால் நம் உதாரணக் குளத்துக்குத் தினம் 1.5 லிட்டர், மாதம் 45 லிட்டர். கனம்தான் இதன் குறை. கூடவே, வெப்பமான இடத்தில் வைத்தால் சில மாதங்களிலேயே பாதி வலு போய்விடும். நிழலில் வைக்க வேண்டும், தேவைக்கு மட்டும் வாங்க வேண்டும், கேனில் தயாரித்த தேதியைப் பார்க்க வேண்டும். ஆனால் தண்ணீரில் உப்பைத் தவிர இது வேறெதையும் மிச்சம் வைப்பதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இது பிடிக்கும்.

கால்சியம் ஹைப்போகுளோரைட் துகள் பெரும்பாலும் 65 முதல் 70 சதவீத வலுவில் வரும். தினம் 230 கிராம் போதும், மாதத்துக்கு 7 கிலோதான். தூக்குவதும் சேமிப்பதும் எளிது. ஆனால் ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினுக்கும் ஏறக்குறைய 7 பிபிஎம் கால்சியக் கடினத்தன்மை கூடும். மென்மையான தண்ணீரில் அது நல்லதுகூட. கடினமான தண்ணீரில் சில மாதங்களில் ஓடுகளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும்.

மூன்றாவது ட்ரைகுளோர் மாத்திரை. 200 கிராம் வில்லையாக வரும், மிதவையில் போட்டுவிட்டால் மெதுவாகக் கரையும். எல்லோருக்கும் முதலில் பிடித்துப்போவது இதுதான். இதன் சிக்கலைப் புரிந்துகொள்ள சயனூரிக் அமிலத்தைப் பற்றித் தெரிய வேண்டும். கடைக்காரர்கள் இதை ஸ்டெபிலைசர் என்பார்கள். நேரடி வெயிலில் பாதுகாப்பில்லாத குளோரின் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் சிதைந்துவிடும். சயனூரிக் அமிலம் அதற்குக் குடை பிடிக்கிறது. 30 முதல் 50 பிபிஎம் வரை இருந்தால் குளோரின் மாலை வரை தாங்கும். ஆனால் இந்த அமிலம் கூடக் கூடக் குளோரின் கிருமியைக் கொல்லும் வேகம் குறைந்துகொண்டே போகும்.

ட்ரைகுளோர் மாத்திரைக்குள்ளேயே இந்த அமிலம் இருக்கிறது. 10 பிபிஎம் குளோரின் போகும்போது ஏறக்குறைய 6 பிபிஎம் சயனூரிக் அமிலமும் சேர்ந்து போகிறது. தினம் 3 பிபிஎம் என்றால் ஒரு மாதத்தில் 50-க்கு மேல். குளோரின் செலவாகிவிடும், அமிலம் தண்ணீரிலேயே தங்கிவிடும். இரண்டு மாதத்தில் 100 தாண்டியதும், கிட்டில் குளோரின் சரியாகக் காட்டும்போதே குளம் பச்சையாக மாறத் தொடங்கும். என்ன போட்டாலும் தெளியாது. இதைக் குறைக்க நடைமுறையில் இருக்கும் வழி, தண்ணீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதுதான். மாத்திரைகளை வெளியூர் போகும் ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினசரி உணவாக வேண்டாம்.

மாத்திரையை, மேற்பரப்பில் மிதக்கும் குப்பையை உள்ளே இழுக்கும் ஸ்கிம்மரின் கூடைக்குள் போடுவதும் தவறு. அது கடும் அமிலத்தன்மை கொண்டது. பம்ப் நிற்கும் நேரத்தில் அமில நீர் குழாயிலேயே தேங்கி, பம்ப் ஓடியதும் ஒரே அடியாக உலோகப் பாகங்கள் மேல் போகும்.

பாதுகாப்பு விதிகள் சில, இவற்றில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. ட்ரைகுளோரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். ஒன்று இருந்த மிதவையிலோ கரண்டியிலோ மற்றொன்றைப் போடுவதும் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். எந்தக் குளோரினோடும் அமிலம் சேரக் கூடாது, நச்சு வாயு வரும். இரண்டையும் தனித்தனி இடத்தில் பூட்டி வையுங்கள். கரைக்கும்போது வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் மருந்து. இந்த வரிசை எந்த அவசரத்திலும் மாறக் கூடாது.

உப்புக் கருவியை எப்படித் தேர்வு செய்வது

கருவியின் முக்கியப் பகுதியைச் செல் என்பார்கள். ஃபில்டரைத் தாண்டி, ஹீட்டர் இருந்தால் அதையும் தாண்டி, தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் குழாயில் இது உட்காரும். உள்ளே டைட்டானியத் தகடுகள், அவற்றின் மேல் ருத்தீனியம், இரிடியம் போன்ற உலோகங்களின் ஆக்சைடு பூச்சு. மின்சாரம் பாயும்போது ஒரு தகட்டில் குளோரினும் மறுதகட்டில் ஹைட்ரஜன் குமிழிகளும் உண்டாகும். குளோரின் தன் வேலையை முடித்ததும் மறுபடி உப்பின் பகுதியாகவே மாறிவிடுகிறது. அதனால்தான் உப்பு தீர்ந்துபோவதில்லை. தெறித்துப் போவது, ஃபில்டருக்குள் தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவும் பேக்வாஷில் போவது, மழையில் நிரம்பி வழிவது ஆகியவற்றை மட்டும் ஈடுகட்டினால் போதும்.

கருவி வாங்கும்போது, ஒரு மணி நேரத்தில் எத்தனை கிராம் குளோரின் தரும் என்று கேளுங்கள். பெட்டியில் இத்தனை லிட்டர் குளத்துக்கு என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பல நேரங்களில் அது பம்ப் 24 மணி நேரமும் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு. நமக்குத் தினம் 150 கிராம் வேண்டும், பம்ப் 8 மணி நேரம் ஓடும் என்றால் மணிக்கு 19 கிராம். சரியாக 19 கிராம் தரும் செல்லை வாங்கினால் அது எப்போதும் முழு வேகத்தில் ஓடிச் சீக்கிரம் தேயும். 25 அல்லது 30 கிராம் செல் வாங்கி, 60 முதல் 75 சதவீதத்தில் ஓட்டுவதே நல்லது. வெயில் கடுமையாகும் நாட்களுக்குக் கையிருப்பும் இருக்கும்.

தண்ணீர் ஓடவில்லை என்றால் செல் தானே நின்றுவிடும் ஃப்ளோ சுவிட்ச் கட்டாயம் வேண்டும். தேங்கிய தண்ணீரில் செல் ஓடினால் ஹைட்ரஜன் குழாய்க்குள் சேரும், அது ஆபத்து. தகடுகளின் துருவத்தை அவ்வப்போது மாற்றித் தானே சுத்தம் செய்துகொள்ளும் வசதி உள்ள மாடலாகப் பாருங்கள். தண்ணீரோடு தொடர்புள்ள மின்கருவி என்பதால் இணைப்பு வேலையைத் தகுதியுள்ள எலெக்ட்ரீஷியன் செய்ய வேண்டும். நில இணைப்பும், உலோகப் பாகங்கள் அனைத்தையும் ஒன்றாகப் பிணைக்கும் கம்பியும் இருக்கின்றனவா என்று கேட்டுச் சரிபாருங்கள்.

செல் ஒரு தேய்மானப் பொருள். பொதுவாக 3 முதல் 7 ஆண்டுகள். 10,000 மணி நேரம் என்று மதிப்பிட்ட செல்லை ஆண்டு முழுதும் தினம் 8 மணி நேரம் ஓட்டினால் மூன்றரை ஆண்டு வரும். வாங்கும் நாளிலேயே மாற்றுச் செல்லின் விலையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செலவை ஒப்பிடும்போது, கருவியின் விலையோடு ஒரு மாற்றுச் செல்லின் விலையைச் சேர்த்து, இரண்டு செல்களும் உழைக்கும் மொத்த ஆண்டுகளால் வகுத்து, ஆண்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். அதோடு பிஎச்சைக் குறைக்கும் அமிலத்தின் செலவைக் கூட்டி, 12 மாதக் குளோரின் செலவோடு ஒப்பிடுங்கள். ஆண்டு முழுதும் நீந்தும் வீட்டில் உப்பு முறை பெரும்பாலும் ஈடுகொடுக்கும். ஆண்டில் மூன்று, நான்கு மாதம் மட்டும் பயன்படும் சிறு குளத்தில் ஈடுகொடுப்பது கடினம்.

குளிர்ப் பகுதியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் ஏறக்குறைய 15 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் பல கருவிகள் குளோரின் தயாரிப்பதை நிறுத்திவிடும். அந்த நாட்களில் திரவக் குளோரின்தான் கைகொடுக்கும்.

உப்பு முறையில் மிச்சமிருக்கும் வேலை

கருவி வைத்தபின் எதுவும் செய்ய வேண்டாம் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். தினம் குளோரின் சுமக்கும் வேலை போகிறது, பரிசோதிக்கும் வேலை போவதில்லை.

உப்புக் குளத்தில் பிஎச் ஏறிக்கொண்டே இருக்கும். செல்லில் உண்டாகும் ஹைட்ரஜன் குமிழிகள் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவது இதற்கு முக்கியக் காரணம். பிஎச் ஏறினால் குளோரினின் வலு குறையும். பிஎச் 7.5-இல் குளோரினில் பாதி அளவு வீரியமான வடிவில் இருக்கும். 8.0-இல் அது கால்பங்காகிவிடும். கூடவே, செல்லில் சுண்ணாம்பும் விரைவாகப் படியும். வாரம் ஒன்றிரண்டு முறை பிஎச் பார்த்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அளந்து விட்டு 7.4 முதல் 7.8-க்குள் வைத்திருக்க வேண்டும். காரத்தன்மையைச் சாதாரணக் குளங்களில் 80 முதல் 120 பிபிஎம் வைப்பார்கள். உப்புக் குளத்தில் 60 முதல் 80 வரை வைத்தால் பிஎச் ஏறும் வேகம் நன்றாகக் குறையும். செயற்கை அருவி, நீரூற்று இருந்தால் அவற்றைத் தேவையில்லாத நேரத்தில் நிறுத்திவையுங்கள், அவையும் பிஎச்சை ஏற்றும்.

சயனூரிக் அமிலமும் உப்புக் குளத்துக்கு வேண்டும், சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாக, 60 முதல் 80 பிபிஎம். கருவி குளோரினை மெதுவாகத் தருவதால் வெயில் அதைத் தின்றுவிடாமல் காக்க வேண்டும். அந்த அளவு சயனூரிக் அமிலத்தோடு தனிக் குளோரினை 4 முதல் 5 பிபிஎம் வைத்துக்கொள்ளலாம். கையால் குளோரின் போடும் குளத்தில் அமிலம் 30 முதல் 50 என்றால் 3 முதல் 5 பிபிஎம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வீட்டுக் குளங்களுக்குச் சொல்லும் அடிமட்ட அளவு 1 பிபிஎம், சயனூரிக் அமிலம் பயன்படுத்தினால் 2 பிபிஎம். அதற்குக் கீழே போன குளத்தில் குழந்தைகளை இறக்காதீர்கள், தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் சரி.

செல்லை மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் படிவு இருந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் மட்டும் நான்கு அல்லது ஐந்து பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்து சில நிமிடங்கள் ஊற வையுங்கள். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, திறந்தவெளியில். அடிக்கடி அமிலத்தில் ஊறவைத்தால் தகட்டின் பூச்சு போய்விடும். உலோகக் கம்பியால் சுரண்டவே கூடாது.

குளம் பச்சையாகிவிட்டால் உப்புக் கருவியை 100 சதவீதத்தில் வைத்துக் காத்திருப்பது வீண். நாள் முழுக்கச் சேர்த்துத் தரும் குளோரின் பாசிக்குப் போதாது. அப்போது திரவக் குளோரினை நேரடியாக ஊற்றி ஒரே நேரத்தில் அளவை உயர்த்த வேண்டும். அதனால் உப்புக் குளம் வைத்திருக்கும் வீட்டிலும் ஒரு கேன் இருக்கட்டும்.

பேக்வாஷ் செய்யும்போது வெளியேறும் உப்பு நீரைச் செடிகளுக்கோ கிணற்றுப் பக்கமோ விடாதீர்கள். மண்ணில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். அந்த நீரை வெளியேற்ற இடமில்லாத வீட்டுக்கு உப்பு முறை சரிவராது.

வாடையும் எரிச்சலும்

நீச்சல் குளத்துக்கே உரிய அந்தக் கடுமையான குளோரின் வாடைக்குப் பயந்துதான் பலர் உப்பு முறைக்கு வருகிறார்கள். அந்த வாடை குளோரின் அதிகமானதால் வருவதில்லை. வியர்வை, சிறுநீர் இவற்றில் உள்ள நைட்ரஜன் பொருட்களோடு குளோரின் சேர்ந்து குளோரமின் உண்டாகிறது. மூக்கைத் துளைப்பதும் கண்ணை எரிப்பதும் அதுதான். கிட்டில் கலந்த குளோரின் 0.5 பிபிஎம் தாண்டினால் குளத்துக்கு இன்னும் குளோரின் வேண்டும் என்று பொருள். உப்புக் கருவி பம்ப் ஓடும் நேரமெல்லாம் சிறிது சிறிதாகக் குளோரினைத் தருவதால் இந்த நிலை குறைவாக வரும், அவ்வளவுதான். திரவக் குளோரினைத் தவறாமல் தினமும் மாலையில் போடும் குளத்திலும் வாடை இருக்காது. இறங்குவதற்கு முன் எல்லோரும் ஒருமுறை குளித்துவிட்டு வந்தால் இரண்டு குளங்களுமே பிழைக்கும்.

தோலுக்கு உப்பு நீர் மென்மையாக இருப்பது உண்மை. நம் கண்ணீரிலேயே ஏறக்குறைய 9,000 பிபிஎம் உப்பு இருக்கிறது. வெறும் தண்ணீரைவிட 3,000 பிபிஎம் உப்பு நீர் உடலுக்கு நெருக்கம். வீட்டில் தினம் நீந்தும் குழந்தைகள் இருந்தால் இது ஒரு நல்ல காரணம்தான்.

என்னிடம் கேட்டால்

புதிதாகக் குளம் வைத்திருப்பவர்கள் முதல் ஆண்டைத் திரவக் குளோரினோடு ஓட்டுவதே நல்லது. உங்கள் தண்ணீர் ஒரு நாளில் எவ்வளவு குளோரின் கேட்கிறது, மழைக்குப் பின் என்ன ஆகிறது, பத்துப் பேர் நீந்தியபின் என்ன ஆகிறது என்பதெல்லாம் கையால் போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். அந்த எண்கள் கையில் இருந்தால் எத்தனை கிராம் செல் வேண்டும் என்பதை யாரிடமும் கேட்க வேண்டாம். திரவக் குளோரின் விட்டுச்செல்வதும் உப்புதான். 1 பிபிஎம் குளோரினுக்கு ஏறக்குறைய 1.6 பிபிஎம் உப்பு தங்குகிறது. தினம் 3 பிபிஎம் என்றால் மாதம் 150 பிபிஎம்வரை. ஒரு ஆண்டு கழித்து, மழை கழுவிக்கொண்டு போனது போக, உங்கள் குளம் உப்புக் குளமாகும் பாதையில் பாதிவரை வந்திருக்கக்கூடும்.

முதல் நாளே உப்பு முறைக்குப் போகலாம் என்று நான் சொல்லக்கூடியவர்கள், ஆண்டு முழுதும் நீந்துபவர்கள், அடிக்கடி நாலைந்து நாள் வெளியே போக வேண்டியவர்கள், கேன் தூக்க முடியாத வயதானவர்கள். அதுவும் தண்ணீர் கடினமாக இல்லாமல், உலோகமும் கல்லும் தாங்கக்கூடியவையாக இருந்தால். மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் பம்ப் ஓடாது, செல்லும் ஓடாது. அங்கே திரவக் குளோரின்தான் உறுதி.

உப்பு முறைக்கு மாறும் நாளில்

குளத்தைக் காலி செய்ய வேண்டியதில்லை. இருக்கும் தண்ணீரிலேயே மாறலாம். சயனூரிக் அமிலம் 100-க்கு மேல் இருந்தால் மட்டும் ஒரு பகுதித் தண்ணீரை மாற்றுங்கள். முழுவதும் வடித்துவிடாதீர்கள். நிலத்தடி நீர் உயரமாக இருக்கும் இடத்தில் காலிக் குளம் அடியிலிருந்து வரும் அழுத்தத்தில் மேலே எழும்பிவிடும், விரிசலும் விடும்.

முதலில் பிஎச், காரத்தன்மை, சயனூரிக் அமிலம் மூன்றையும் சரிசெய்து, தனிக் குளோரினைக் கையால் 4 பிபிஎம்முக்குக் கொண்டுவாருங்கள். பிறகு உப்பை அளந்து பாருங்கள். நம் 50,000 லிட்டர் குளத்தில் உப்பே இல்லை என்றால் 3,200 பிபிஎம்முக்கு 160 கிலோ வேண்டும். ஏற்கெனவே 800 பிபிஎம் இருந்தால் 120 கிலோ. கணக்கில் வருவதில் முக்கால்பங்கை முதலில் போட்டு, மறுபடி அளந்து மீதியைப் போடுங்கள். கூடிவிட்டால் குறைப்பதற்குத் தண்ணீரைக் கொட்டுவதைத் தவிர வழியில்லை. உப்பு 99 சதவீதத்துக்கு மேல் தூய்மையானதாக, அயோடின் சேர்க்காததாக, கட்டிப்படாமல் இருக்கக் கலக்கும் மருந்து இல்லாததாக இருக்க வேண்டும்.

செல்லை அணைத்து, பம்ப்பை மட்டும் ஓட விட்டு, ஆழமில்லாத பக்கத்தில் உப்பைப் பரவலாகக் கொட்டுங்கள். ஸ்கிம்மருக்குள் கொட்ட வேண்டாம். தரையில் குவிந்து கிடக்கும் உப்பைப் பிரஷ்ஷால் தள்ளித் தள்ளிக் கரைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கறை விழலாம். 24 மணி நேரம் பம்ப் ஓடியபின் உப்பை மறுபடி அளந்து, சரி என்றால் செல்லை 50 சதவீதத்தில் ஓட விடுங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் தனிக் குளோரினைப் பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் சதவீதத்தை 10 குறையுங்கள், இறங்கினால் 10 கூட்டுங்கள், நிலைத்து நிற்கும் இடம் கிடைத்துவிடும்.

பின்னொரு நாள் கருவியின் திரை உப்பு குறைவு என்று காட்டினால் உடனே மூட்டையைத் தூக்காதீர்கள். பெரும்பாலான கருவிகள் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவை வைத்துத்தான் உப்பைக் கணிக்கின்றன. தண்ணீர் குளிர்ந்தாலும், தகட்டில் சுண்ணாம்பு படிந்தாலும், செல் தேய்ந்துபோனாலும் அது குறைவாகவே காட்டும். உப்புக்கென்று தனியாக இருக்கும் சோதனைப் பட்டையால் அளந்து பாருங்கள். பட்டையும் குறைவு என்று சொன்னால் உப்பு போடுங்கள். பட்டை 3,200 காட்டி, திரை 2,400 காட்டினால் செல்லைக் கழற்றிக் கழுவுங்கள். கழுவியும் மாறவில்லை, தண்ணீரும் குளிராக இல்லை, மூன்று நான்கு ஆண்டு ஆகிவிட்டது என்றால் புதுச் செல் வாங்கும் நேரம் வந்துவிட்டது.